பதினெட்டாம்படியானும் சினிமா பூசாரியும்

எலுமிச்சம்பழம், கொட்டிய குங்குமம், ஊசி குத்திய பொம்மை, உருட்டு விழியோடு ஒரு தாடிக்காரர். தமிழ் சினிமாவில் மாந்திரீகக் காட்சிக்கு இவ்வளவு போதும். பின்னணிக்கு ஒரு தெய்வமும் வேண்டுமே! அதற்குப் பெருமாளையோ முருகனையோ யாரும் தொந்தரவு செய்வதில்லை. நாக்கைத் துருத்திய காளியோ, அரிவாள் பிடித்த கருப்போதான் அகப்படுவார்கள்.

மதுரைப் பக்கத்து ஒத்தக்கடை வட்டாரத்துக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கத்தான் வேண்டும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் என்று சொல்லாவிட்டாலும், பஸ் ஏறினால் சீக்கிரமே போய்விடக்கூடிய அழகர்கோயிலில், பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் கதையே தலைகீழானது. மலையாள தேசத்து மாந்திரீகர்கள் பதினெட்டுப் பேர், அங்குள்ள பெருமாளான அழகரின் சக்தியைக் கவர வந்தார்களாம். பிடிபட்டு, வெட்டுப்பட்டு, படிகளுக்கு அடியில் புதைந்து போனார்கள். அவர்களோடு வந்த தெய்வமோ அழகரிடம் மனதைப் பறிகொடுத்து, அவருக்கே காவலாக நின்றுவிட்டது. சந்நிதியில் உருவம் கிடையாது. சந்தனம் பூசிய கதவுக்குத்தான் மாலையும் கும்பிடும். கொடுக்கல் வாங்கல் தகராறு, களவுப் புகார் என்று எது முற்றினாலும் ‘பதினெட்டாம்படியில் வந்து சத்தியம் பண்ணு’ என்பார்கள். பொய்ச் சத்தியம் செய்யப் பயந்து, வழியிலேயே சமாதானமாகிறவர்களும் உண்டு. சித்திரையில் மதுரைக்குப் புறப்படும் அழகரின் நகைப் பட்டியல்கூட இவர் முன்னால்தான் வாசிக்கப்படுகிறது. மாந்திரீகத்தை ஒடுக்கிய இடத்துச் சாமியை மந்திரவாதியின் கையாளாக்கியது சினிமாவின் கைங்கரியம்.

இதைவிடப் பெரிய அநியாயம் வூடூ மதத்துக்கு நடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஹைட்டியில் வளர்த்த மதம் அது. முன்னோரும் தெய்வங்களும் அடியார் மேல் இறங்கிப் பேசுவார்கள். நம் ஊர் சாமியாட்டம் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 1791-ல் அங்கே வெடித்த அடிமைக் கிளர்ச்சியே ஒரு வூடூச் சடங்கில் தொடங்கியதாக அந்த மக்கள் சொல்கிறார்கள். 1915 முதல் 1934 வரை ஹைட்டி அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில், 1929-ல், வில்லியம் சீப்ரூக் எழுதிய பயணநூல், எழுந்து நடக்கும் பிணமான ஜோம்பியை அமெரிக்க வாசகரிடம் கொண்டுபோனது. 1932-ல் ‘ஒயிட் ஜோம்பி’ படம் வந்தது. ஒரு நாட்டைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு, அந்த நாட்டார் பிணத்தை எழுப்பும் கூட்டம் என்ற கதை எவ்வளவு வசதி! 1973-ல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கும் வூடூ போய்ச் சேர்ந்தது. 2016-ல் ‘மிருதன்’ வழியாகத் தமிழுக்கு ஜோம்பி வந்தபோது, அதில் ஹைட்டியின் வாசனைகூட இல்லை.

2003 ஏப்ரலில் ஹைட்டி அரசு வூடூவை முறையான மதமாக அங்கீகரித்தது. இங்கேயோ அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, கருப்பு போன்ற தெய்வங்களுக்குக் கோயில்களில் கிடா, கோழி வெட்டுவதைத் தடுக்கும் 1950-ம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. எதிர்ப்பு கிளம்பியது. 2004 பிப்ரவரியில் அந்தச் சட்டமே கைவிடப்பட்டது.

இத்தகைய தெய்வங்களை மந்திரவாதியின் கையாளாக்காத விதிவிலக்கே திரையில் இல்லையா? மதுரையில் வாழ்ந்து மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தொடர் 1990-களின் பிற்பகுதியில் வீடுகளைக் கட்டிப்போட்டது. தப்பு செய்தவனைத் தண்டிக்கும் நீதிபதியாகக் கருப்பை அது காட்டியது. பயமும் இருந்தது, ஆனால் கருப்பு அங்கே யாருக்கும் ஏவலாள் இல்லை. 2022-ல் வந்த கன்னட ‘காந்தாரா’ இன்னும் ஒரு படி மேலே போய், துளு நாட்டுத் தெய்வத்தை ஊர் நிலத்தின் வழக்குக்குள்ளேயே நிறுத்தியது. அதன் அடுத்த பாகம் 2025-ல் வந்தபோது, ரசிகர்கள் தெய்வ வேடத்தில் தியேட்டருக்குள் ஆட, அப்படிச் செய்யாதீர்கள் என்று தயாரிப்பு நிறுவனமே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

ஒத்தக்கடை ஆனைமலையைப் பின்னணியில் வைத்துக் காட்சி எடுக்க வரும் இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருப்பசாமிக்கு வசனம் எழுதும் முன், அழகர்கோயில் கதவின் முன்னால் இரண்டு பங்காளிகள் சத்தியம் செய்வதை ஒருமுறை நின்று பாருங்கள்.