“சாப்பிட்டாச்சா?” – தமிழ் இலக்கணம் வழியே தொடக்கநிலைச் சீனம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் ஒருவர் வந்து, “சீன மொழியில் பட்டம் படிக்க முடியுமா?” என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சட்டென்று பதில் வராது. முடியும். புதுதில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சீன மொழிக்கு மூன்றாண்டு இளங்கலைப் படிப்பு இருக்கிறது. சீனத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவரும் சேரலாம், அடிப்படையிலிருந்தே தொடங்குவார்கள். சேர்க்கை, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. சாந்திநிகேதனில் விசுவபாரதியின் சீன பவனம் 1937-லேயே தொடங்கப்பட்டது. தாகூரின் அழைப்பில் வந்த தான் யுன் ஷான் என்னும் சீன அறிஞர் அதை வளர்த்தெடுத்தார்.

வாய்ப்பு இருக்கிறது, தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. இவ்வகுப்புகளில் சீன இலக்கணம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் விளக்கப்படும். கண்டாச்சிபுரம் போன்ற ஊரிலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டுப் போகும் பிள்ளை, ஒரே நேரத்தில் இரண்டு மொழிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் தொடக்கநிலைச் சீனப் பாடங்களைத் தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அந்தப் பிள்ளை வெறுங்கையோடு போகவில்லை என்பது தெரியும். ஆங்கிலம் வழியே சுற்றிக்கொண்டு போனால் கடினமாகத் தோன்றும் பல இடங்கள், தமிழிலிருந்து நேராகப் போனால் பழகிய பாதையாக இருக்கின்றன.

முதல் பாடத்தின் முதல் சொல்லையே எடுத்துக்கொள்வோம். வணக்கம் சொல்ல ‘நீ ஹாவ்’ என்பார்கள். ‘ஹாவ்’ என்றால் நலம். ‘நீ’ என்றால் நீதான்! (இது தற்செயலான ஒற்றுமை. இதை வைத்து இரு மொழிகளுக்கும் உறவு கொண்டாடக் கிளம்பிவிட வேண்டாம்.) மரியாதையாகச் சொல்ல ‘நின்’ என்று தனிச்சொல் உண்டு. ஆங்கிலத்தில் இல்லாத இந்த வேறுபாட்டை நம் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமும் அங்கே இல்லை, ‘லாவ்ஷி’ என்பார்கள். ‘லாவ்ஷி ஹாவ்’ என்றால் வகுப்பே எழுந்து நின்று “வணக்கம் ஐயா” சொல்வது போல.

உறவுச்சொற்களும் அப்படியே. ஆங்கிலத்தில் உடன்பிறந்த ஆண் மூத்தவரா இளையவரா என்பது சொல்லிலேயே தெரியாது. சீனத்தில் அண்ணன் ‘கெக’, தம்பி ‘தீதி’, அக்கா ‘ஜியேஜியே’, தங்கை ‘மேய்மேய்’. வட சீனப் பேச்சில் கேட்பவரைச் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ என்பதற்கு ‘ஸாமென்’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று நாம் கற்பிக்கிறோமே, அதுதான்.

உரையாடலில் பழையதொரு நலவிசாரிப்பு ‘ச்சி ல மா?’ என்பது. ‘ச்சி’ என்றால் சாப்பிடு. ‘ல’ என்பது செயல் முடிந்ததைக் காட்டும் இடைச்சொல். ‘மா’ வினாவுக்கான இடைச்சொல். சேர்த்துப் பார்த்தால் சாப்பிட்டு + ஆச்சு + ஆ: சாப்பிட்டாச்சா? இரண்டு ஊர்களிலும் இதற்குப் பொருள் நலமா என்பதுதான்; பந்தி போட்டுக் காத்திருக்கிறார்கள் என்பதல்ல. சீன வினைச்சொல் காலத்துக்கோ இடத்துக்கோ ஏற்ப உருமாறுவதில்லை. ஆங்கில நூல்கள் சில ‘ல’ என்பதை இறந்தகாலக் குறி போல அறிமுகப்படுத்துகின்றன; மாணவர் பிறகு குழம்புகிறார். ‘ஆச்சு’ என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீரும். “மழை வந்தாச்சு” என்று நாம் இப்போது பெய்யும் மழைக்கும் சொல்கிறோம் அல்லவா, அங்கும் ‘ல’ வரும்.

வினாச்சொல் இருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. “நீ எங்கே போகிறாய்?”, “நான் விழுப்புரம் போகிறேன்.” எங்கே என்பது இருந்த இடத்தில் விழுப்புரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சீனமும் இப்படித்தான். ‘நீ ச்சூ நாலி?’ என்றால் ‘வோ ச்சூ விழுப்புரம்’. சொல்வரிசை நீ–போ–எங்கே, நான்–போ–விழுப்புரம். ஆங்கிலத்தில் போல வினாச்சொல்லை முன்னே இழுத்து, துணைவினையை இடம்மாற்றும் வேலையே இல்லை.

பெயரெச்சம் இதைவிடச் சுவையானது. ‘நான் வாங்கிய புத்தகம்’ என்பது ‘வோ மாய் த ஷூ’. வோ–நான், மாய்–வாங்கு, த–பெயரெச்சத்தின் வேலையைச் செய்யும் சொல், ஷூ–புத்தகம். தமிழைப் போலவே அடைமொழி முழுவதும் பெயருக்கு முன்னால் நிற்கிறது. ஆங்கிலம் பெயரை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்தைப் பின்னால் தொங்கவிடும். எட்டாம் வகுப்பில் பெயரெச்சத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்ட மாணவருக்கு இந்த இலக்கணம் ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும்.

எல்லாமே தமிழைப் போல என்று சொல்லிவிட முடியாது. செயப்படுபொருள் வினைக்குப் பின்னால் வரும்: ‘வோ ச்சி ஃபான்’, நான்–சாப்பிடு–சோறு. எண்ணும் பொருளுக்கும் எண்ணுக்கும் நடுவே அளவைச்சொல் கட்டாயம் வேண்டும். நாம் ‘மூன்று பேர்’, ‘ஒரு சீப்பு வாழைப்பழம்’ என்று சில இடங்களில் மட்டும் சொல்வதை அவர்கள் எல்லாப் பெயர்களுக்கும் செய்கிறார்கள். புத்தகத்துக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று.

ஒலிப்பில்தான் உண்மையான மலை இருக்கிறது. ‘மா’ என்பதைச் சமமாக உயர்த்திச் சொன்னால் அம்மா. ஏற்றிச் சொன்னால் சணல். தாழ்த்தி எழுப்பினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுதல். இதைப் புரியவைக்க நம் ‘ம்’ போதும். கதை கேட்கும்போது உம் கொட்டுவது ஒன்று, “ம்?” என்று திருப்பிக் கேட்பது ஒன்று, சந்தேகத்தோடு இழுப்பது ஒன்று, “ம்!” என்று ஒப்புக்கொள்வது ஒன்று. நமக்குத் தொனி மாறினால் மனநிலை மாறுகிறது. அவர்களுக்குச் சொல்லே மாறிவிடுகிறது.

இன்னொரு நுட்பம்: சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளால் எழுதும் ‘பின்யின்’ முறை 1958-இல் ஏற்கப்பட்டது. அதில் எட்டு என்பதற்கான சொல் ஆங்கில ‘பி’ எழுத்தில் தொடங்கும். ஆங்கிலப் பழக்கத்தில் அதை ‘பஸ்’ என்பதன் முதலொலி போலச் சொன்னால் பிழை. ‘பால்’, ‘பத்து’ என்று நாம் சொல்லும் பகரம்தான் சரியான ஒலி. அதற்கு இணையான மற்றோர் ஒலிக்கு மூச்சு வெடித்து வர வேண்டும்; வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் அது ஆட வேண்டும். எழுத்துகளைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை. நாளிதழ் படிக்க இரண்டாயிரம், மூவாயிரம் எழுத்துகள் தேவை. எழுதி எழுதித்தான் பழக வேண்டும், குறுக்குவழி கிடையாது.

வீட்டிலிருந்தே தமிழ் வழியாகச் சீனம் கேட்டவர்களும் நம்மிடையே உண்டு. சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963-இல் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நேயர் மன்றங்கள் வைத்து அதைக் கேட்டார்கள்.

சீனம் படிக்கப் போகாத பிள்ளைகளுக்கும் இந்த ஒப்பீட்டில் வேலை இருக்கிறது. ‘அவர் ஆசிரியர்’ என்ற தமிழ்த் தொடரில் வினையே இல்லை. சீனத்தில் ‘தா ஷி லாவ்ஷி’ என்று நடுவே ‘ஷி’ வேண்டும். தமிழ் மாணவர் அதை விட்டுவிடுவார். ஆங்கில வகுப்பில் நம் ஆறாம் வகுப்புப் பிள்ளை ‘ஈஸ்’ என்பதை விட்டுவிட்டு ‘ஹீ மை ஃப்ரெண்ட்’ என்று எழுதுவதும் இதே காரணத்தால்தான். சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன் தமிழ்த் தொடரையும் ஆங்கிலத் தொடரையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். நம் வகுப்புக்கு வந்து தமிழ் கற்கும் வடமாநிலத் தொழிலாளர் வீட்டுக் குழந்தையின் பிழைகளையும் இப்படிப் பார்க்கலாம்.

கணக்கு ஆசிரியர்களுக்கும் ஒன்று. சீனத்தில் 11 என்பது பத்து–ஒன்று, 20 என்பது இரண்டு–பத்து. ஒன்பது ‘ஜியூ’, 90 ‘ஜியூ ஷி’, 900 ‘ஜியூ பாய்’. தமிழில் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று குழந்தை தடுமாறும் இடம் அங்கே இல்லை. தடுமாற்றம் அங்கே மேலே காத்திருக்கிறது. பத்தாயிரத்துக்கு ‘வான்’ என்று தனி அலகு இருப்பதால் ஒரு லட்சம் என்பது பத்து வான். பத்துக் கோடிக்கு ‘யீ’ என்று இன்னோர் அலகு. ஆகவே 140 கோடி மக்கள் என்பதைச் சீனத்தில் சொல்ல வேண்டுமானால் 14 யீ.