13 வருஷம் எரிந்த சிவகாசித் திரி… தெரியுமா?

தீபாவளிக்கு நாம் கொளுத்தும் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்துச் சரக்கு. இது ஊரறிந்த செய்தி. ஆனால், அந்தப் பட்டாசுத் தொழிலைப் பின்னணியாக வைத்து எடுத்த ஒரு படம், சிரிப்புக்காக மாநில விருது வாங்கியது தெரியுமா? படம் 'மலையன்'. 2009-ல் வந்தது. சிறந்த நடிகர் கரண், சிறந்த நகைச்சுவை நடிகர் கஞ்சா கருப்பு!

இருங்கள், வாயைப் பிளக்க வேண்டிய இடம் இனிமேல்தான். அந்த விருது அறிவிக்கப்பட்டது 2017 ஜூலையில். 2009 முதல் 2014 வரை ஆறு வருஷத்து விருதுகளையும் அரசு ஒரே மூச்சில் அறிவித்தது. சரி, உடனே கையில் கொடுத்தார்களா? விழா நடந்தது 2022 செப்டம்பர் 4-ம் தேதி! படம் வந்து 13 வருஷம். பற்றவைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நின்றால் 13 வருஷம் கழித்து வெடிக்கிற திரியைச் சிவகாசியில்கூட யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அதே பட்டியலில் 'மைனா' தம்பி ராமையா, மனோபாலா, சூரி, 'ராஜா ராணி' சத்யன், சிங்கமுத்து என்று வருஷத்துக்கு ஒரு சிரிப்பு நடிகர். மனோபாலா 2023 மே மாதம் காலமாகிவிட்டார். விழா இன்னும் எட்டு மாதம் தள்ளிப்போயிருந்தால்? நினைக்கவே மனசு வரவில்லை. விழா எங்கே நடந்தது தெரியுமா? சென்னை கலைவாணர் அரங்கத்தில். தமிழ் சினிமாவின் தலைசிறந்த நகைச்சுவை நடிகரான என்.எஸ்.கிருஷ்ணனின் பெயர் தாங்கிய அரங்கம்!

கலைவாணருக்கும் விருதுநகர் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வி.கே.ராமசாமி நம்ம விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கலைவாணர் பெயரில் நடந்த நாடக சபாவின் நாடகத்தில் கிழவர் வேஷம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நாடகம்தான் 1947-ல் ஏ.வி.எம்.மின் 'நாம் இருவர்' படமானது. படத்திலும் அதே கிழவர் வேஷம். அப்போது அவருக்கு வயது இருபதைத் தொட்டு ஒன்றுதான் கூடியிருக்கும்! அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் அப்பாவாகவும் மாமனாராகவும் பண்ணையாராகவுமே வந்தார். இளமையைத் திரையில் காட்டாமலே நிஜமாகவே கிழவரானவர் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்!

அடுத்து ஒரு சேதி. படித்தால் நாகேஷ் ரசிகர்களுக்குக் கோபமே வரும். 1964-ல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. சினிமா எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்வாரே, அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். நாகேஷ் கையை விரித்து, குரலைத் தாழ்த்தி, கதவு திறக்கிற ஓசையை வாயாலேயே எழுப்புவார். பாலையாவோ ஒரு வார்த்தை பேசாமல் முகத்தாலேயே நடுங்குவார். இந்தப் படம் 1966-ல் இந்தியில் 'ப்யார் கியே ஜா' ஆனது. செல்லப்பா வேடத்தில் மெஹ்மூத். ஃபிலிம்பேர் பத்திரிகை நகைச்சுவை நடிப்புக்கென்று தனி விருதை முதன்முதலாகக் கொடுத்தது அடுத்த வருஷம். யாருக்கு? மெஹ்மூதுக்கு. எந்தப் படத்துக்கு? அதே படத்துக்கு! இந்தியாவின் முதல் ஃபிலிம்பேர் 'காமெடி' விருதுக்கு விதை போட்டது நம்ம செல்லப்பா. சிலை போனது பம்பாய்க்கு. அந்தப் பிரிவையும் 2007-க்குப் பிறகு ஃபிலிம்பேர் நிறுத்திவிட்டது. கடைசியாக வாங்கியவர் 'லகே ரஹோ முன்னா பாய்' அர்ஷத் வார்ஸி.

சரி, நாகேஷுக்கு தேசிய விருதே கிடைக்கவில்லையா? கிடைத்தது. 'நம்மவர்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருது. அதில் அவர் சிரிக்க வைத்தாரா? மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக வந்து தியேட்டரையே அழ வைத்தார்! முப்பது வருஷமாகச் சிரிக்க வைத்தவருக்கு, அழ வைத்த பிறகுதான் டெல்லியில் பரிசு. மனோரமாவுக்கும் அதே கதைதான். தேசிய விருது 'புதிய பாதை'யின் உருக்கமான வேடத்துக்கு. ஆயிரம் படங்களைத் தாண்டி கின்னஸில் ஏறிய ஆச்சிக்கே இந்தக் கதி!

வெளிநாட்டில் சிரிப்புக்கென்றே தனி டி.வி. விருது விழா நடந்தது தெரியுமா? அமெரிக்காவில் 1987-லேயே 'அமெரிக்கன் காமெடி அவார்ட்ஸ்' வந்துவிட்டது. பிரிட்டன் 1990-ல் ஆரம்பித்தது. அங்கே 2005-ல் நடந்த கூத்தைக் கேளுங்கள். மக்கள் போன் போட்டு ஓட்டளிக்கும் விருது. அதிக ஓட்டு வாங்கியது கேத்தரின் டேட்டின் நிகழ்ச்சி. மேடையில் சிலையை வாங்கியதோ ஆன்ட், டெக் என்ற இருவர்! குட்டு வெளிப்பட மூன்று வருஷம் ஆனது. பாவம், அவர்களுக்கே விஷயம் தெரியாதாம். சிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நம்ம ஊர் டி.வி. வேறு வழி பிடித்தது. பெரிய நட்சத்திரத்தை மேடையேற்றிச் சிலை கொடுப்பது இருக்கட்டும், பெயர் தெரியாத பையனை மேடையேற்றிப் பட்டம் கொடுப்போம் என்று 2005-ல் விஜய் டி.வி. 'கலக்கப்போவது யாரு'வைத் தொடங்கியது. முதல் பட்டம் கோவை குணாவுக்கு. ரோபோ மாதிரி அங்கம் அங்கமாக அசைந்து கைதட்டல் வாங்கிய மதுரை சங்கருக்கு அந்த அசைவே பெயரோடு ஒட்டிக்கொண்டது. சன் டி.வி.யில் 'அசத்தப்போவது யாரு' வந்தபோது, நடுவர் மதன் பாப் சிரிக்கிற சிரிப்பைப் பார்க்கவே தனிக்கூட்டம்! கலக்கப்போவது யாருவில் ஜெயித்த சிவகார்த்திகேயன், பிறகு 'விஜய் அவார்ட்ஸ்' விழாவையே தொகுத்து வழங்கினார். சில வருஷத்தில் அதே விழாவில் விருதும் வாங்கினார், மேடையிலேயே கண் கலங்கினார்.

பட்டாசு வட்டாரத்துக்கே திரும்புவோம். தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டியில் பிறந்தவர்தான் விவேக். மாநில விருதுகளைப் பலமுறை அள்ளியவருக்கு 2009-ல் பத்மஸ்ரீயும் வந்தது. இன்னொருவர், வடிவேலுவைச் சாகிற விளையாட்டுக்குக் கூப்பிட்டு நம்மைப் புரள வைத்த முத்துக்காளை. ராஜபாளையம் பக்கம் சங்கம்பட்டி. சண்டைக் கலைஞராக வேண்டும் என்றுதான் சென்னைக்கு வந்தார், சிரிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. நடிப்புக்கு நடுவே அஞ்சல்வழியில் படித்து மூன்று பட்டம் வாங்கியிருக்கிறார். அதுவும் ஒன்று தமிழ் இலக்கியத்தில்!