டிரிட்டிகேல் தானியம்: நம் வட்டாரத்தில் விளையுமா? விற்குமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைகள் பெருகியபின் நம் மளிகைக் கடைகளில் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே ஆட்டா மூட்டையும் இடம் பிடித்துவிட்டது. வடமாநிலத் தொழிலாளர்களுக்கு ரொட்டி இல்லாமல் சாப்பாடு ஆகாது. கோதுமையோ வெளிமாநிலச் சரக்கு. லாரி வாடகை நம் தலையில் விழுகிறது. குளிர், வறட்சி எல்லாவற்றையும் தாங்கும் என்று சொல்லப்படும் டிரிட்டிகேலை இங்கேயே பயிரிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பே.

டிரிட்டிகேல் என்பது கோதுமையையும், குளிர்நாட்டு ரை தானியத்தையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய பயிர். 1875-இல் ஸ்காட்லாந்தில் முதல் கலப்பு நடந்தது. அந்தச் செடி மலடாகப் போயிற்று. விளைச்சல் தரும் ரகங்கள் வெகுகாலம் கழித்தே வந்தன. இன்று போலந்து நாடு இதில் முன்னணி. அங்கும் பெரும்பகுதி கால்நடைத் தீவனத்துக்கே போகிறது.

குளிர்கால ரகம் குளிரைத் தாங்குவதோடு நிற்பதில்லை. குளிர் அதற்குக் கட்டாயம் வேண்டும். ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபரில் விதைக்கிறார்கள். நாற்று பல வாரம் உறைபனிக்கு அருகான குளிரில் கிடந்தால்தான் பிறகு கதிர் விடும். அறுவடை அடுத்த ஜூலை, ஆகஸ்டில். நம் பக்கம் மார்கழி இரவிலும் 20 டிகிரி அளவில்தான் நிற்கிறது. இங்கே விதைத்தால் புல்தான் மிஞ்சும், மணி வராது.

பஞ்சாபில் குளிர்காலத்தில் விதைக்கும் கோதுமைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட டிரிட்டிகேல் ரகங்களும் அவ்வகையே. தமிழ்நாட்டுக் கோதுமைதான் வேண்டும் என்பவர்கள் நீலகிரியைப் பார்க்கலாம். வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக நிலையம் 1954 முதல் துரு நோயைத் தாங்கும் கோதுமைக்காக உழைத்து வருகிறது. சம்பா கோதுமையிலும் ரகம் தந்திருக்கிறது.

வயலுக்கு வராத டிரிட்டிகேல் பலதானிய மாவாகவோ, இறக்குமதி ரொட்டியாகவோ கடைக்கு வரக்கூடும். அப்போது ஒன்றை மறக்கலாகாது. இதிலும் க்ளூட்டன் என்னும் பசைப்புரதம் உண்டு. 2020-ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகளின்படி கோதுமை, ரை ஆகியவற்றோடு அவற்றின் கலப்பின வகைகளையும் பாக்கெட்டில் ஒவ்வாமைப் பொருளாகக் குறிப்பிட வேண்டும். கோதுமை சேராது என்று மருத்துவர் சொல்லியனுப்பிய வாடிக்கையாளருக்கு "இது வேறு தானியம்" என்று எடுத்துக் கொடுத்தால் அவர் குடல்தான் கெடும். சம்பா கோதுமையும் அவருக்கு ஆகாது. நம் மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு அரைத்துத் தரும் கேழ்வரகு மாவும் ஆகாது.