பாஸா, தனிச்சீட்டா?

கனடாவிலிருந்து ஐரோப்பா வரும் உறவுகள் முதலில் கேட்பது இதுதான்: “யூரெயில் பாஸ் எடுக்கிறதோ, தனித்தனியா டிக்கெட் எடுக்கிறதோ?”

பாரிசில் பெரியம்மா, சூரிச்சில் சித்தி என்று இரண்டே வீடு, திகதியும் உறுதி என்றால் தனிச்சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள்; பெரும்பாலும் அதுவே மலிவு. பாஸ் இருந்தாலும் டிஜிவி, யூரோஸ்டார் ரயில்களில் இருக்கைக்குத் தனியாகக் கட்டவேண்டும். ஜெர்மனி, சுவிசில் பெரும்பாலான ரயில்களில் அந்தச் செலவில்லை. அங்கே நாலைந்து ஊர் சுற்றுவோருக்குப் பாஸ் கைகொடுக்கும். ஒரு பெரியவருடன் 12 வயதுக்குக் குறைந்த இரு பிள்ளைகளுக்கு இலவசப் பாஸும் உண்டு.

ஆனால் எங்கட வீடுகளில் “நாளைக்குப் போகலாம், இருங்கோ” என்று மறிப்பார்களே! மலிவுச் சீட்டைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. பாஸில் பயண நாளைத் தள்ளிப்போடலாம். கூடக் கொடுக்கிற அந்தக் காசு, சித்தி வீட்டில் இன்னொரு இரவு தங்குவதற்கு.