இன்னும் எட்டு இருக்கு

சித்தி வீட்டு ஆல்பத்தை நாங்கள் இரண்டாம் முறை கழுவியது 2021 டிசம்பர் கடைசி வாரத்தில். முதல் முறை அது கழுவப்பட்டது 1984இல், பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றின் இருட்டறையில். 'படம் கழுவக் கொடுத்திருக்கு' என்றுதான் எங்கள் பக்கம் அப்போது சொல்வார்கள். இரண்டாம் முறை, ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில், சேறு படிந்த வாசலில், துணி அலசும் மூன்று பேசின்களில்.

அந்த டிசம்பர் 18ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கில் யாருக்கும் மறக்காது. சனிக்கிழமை. ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. ஸ்ரீ மூடாவில் தரைத்தளங்கள் மூழ்கின. சித்தியும் சித்தப்பாவும் அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம், மருந்துப் பை, முருகன் படம் ஆகியவற்றோடு மாடி ஏறினார்கள். டிவிக்குக் கீழே இருந்த அலமாரியில் ஆல்பங்கள் இருப்பது நடு ராத்திரியில்தான் சித்திக்கு நினைவு வந்தது. அதற்குள் மாடிப்படியில் எட்டுப் படி தண்ணீர்.

தண்ணீர் வடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா சோபாவையும் குளிர்பெட்டியையும் தெருவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். சித்தி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து, செங்கல் கனத்தில் ஊறிப்போன ஒரு ஆல்பத்தை மடியில் வைத்திருந்தார். "பங்கோர்டா இது. திறக்க வரமாட்டேங்குது."

திறக்காமல் இருந்ததே நல்லதாயிற்று. படக் காகிதத்தின் மேல் சாயங்களைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் என்ற மெல்லிய பூச்சு. தண்ணீர் பட்டால் அது ஊறி உப்பும். ஊறிய நிலையில் பிரித்தால் முகம் ஒரு காகிதத்திலும் கண் இன்னொன்றிலும் போய்விடும். அப்படியே காய விட்டால் பக்கங்கள் கல்லாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் போனால் பூஞ்சை வந்துவிடும், நம் ஊர்ப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஆல்பத்தோடு ஊறவைத்து, படங்கள் தாமாக விடும்போது எடுத்து, இன்னொரு பேசினில் மெதுவாக அலசி, முகம் மேலே தெரிய நிழலில் காயவைப்பது. கை ஓயும்போது மிச்சத்தை மெழுகுத்தாள் இடையிட்டுப் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும். குளிர் பூஞ்சையை நிறுத்தி வைக்கும், ஒரு மாதம் கழித்துக்கூட எடுத்துக் கழுவலாம். இன்க்ஜெட் பிரிண்டரில் அடித்த படங்களுக்கு மட்டும் இந்த வைத்தியம் ஆகாது, சாயம் கரைந்து ஓடிவிடும்.

2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் மியாகி மாவட்டத்தில், யமமோட்டோ என்ற சின்ன ஊரில், தன்னார்வலர்கள் இப்படித்தான் உட்கார்ந்து கழுவினார்கள். சேற்றிலிருந்து பொறுக்கிய ஏறக்குறைய ஏழரை லட்சம் படங்கள். வீடு போனவர்கள், ஆட்களை இழந்தவர்கள் வந்து தேடி எடுத்துப் போனார்கள். அதை எப்போதோ படித்திருந்ததால்தான் அன்று என் கைக்கு வேலை தெரிந்தது. எங்களிடம் இருந்தது ஏழு ஆல்பம். ஸ்ரீ மூடாவின் தெருவெங்கும் குவிந்த குப்பையில் எத்தனை ஆல்பங்கள் கிடந்தன என்பதை நான் எண்ணவில்லை. மாலை போட்டு நிற்கும் மாப்பிள்ளை பெண் முகம் மேலே தெரிய, மெத்தைகளுக்கு நடுவே ஒன்று கிடந்ததை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.

பங்கோர் ஆல்பத்தில் பாதி பிழைத்தது. சித்தியும் சித்தப்பாவும் கல்யாணமாகி எட்டு மாதம் கழித்துப் போன பயணம் அது. புடுராயாவில் பஸ் ஏறி, லூமுட் துறையில் இறங்கி, படகில் தீவுக்கு. இரண்டு ராத்திரி. சித்தப்பா ரயில்வேயில் வேலை. கூட வேலை பார்த்தவரிடம் ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35 இரவல் வாங்கிக்கொண்டார். 36 படம் பிடிக்கும் சுருள் ஒன்று. ஒன்றே ஒன்று. சுருள் விலை, கழுவும் கூலி, 3ஆர் அளவில் பிரிண்ட் போட ஒவ்வொரு படத்துக்கும் காசு என்று எல்லாம் கணக்குப் பார்த்த காலம்.

அதனால் ஒவ்வொரு படமும் யோசித்து எடுத்தது. பாசிர் போகாக் கடற்கரையில் பட்டுச்சேலையோடு சித்தி. கடற்கரைக்குப் பட்டுச்சேலையா என்று கேட்டால், "போட்டோவுக்குத்தானே போனோம்" என்பார். கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோயில் வாசலில் சித்தப்பா, மாசி மகத்துக்கு அங்கே கூடும் கூட்டத்தை விவரிப்பதுபோல் கையை நீட்டிக்கொண்டு. நெத்திலி காயும் தட்டிகள். டச்சுக்காரர்கள் 1670இல் கட்டிய கோட்டையின் இடிந்த சுவர்மேல் இருவரும், யாரோ ஒரு சீனப் பெரியவர் எடுத்துக் கொடுத்தது. 'பிரியா' படம் வந்து ஆறு வருடம் ஆகியும் அந்த ரஜினி நிற்கிற நிலையை விடாத சித்தப்பா, ஒரு காலைப் பாறைமேல் வைத்து.

எல்லாம் தீவுக்குப் போன எந்தத் தம்பதியின் ஆல்பத்திலும் இருக்கிற படங்கள்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் என் மனைவியும் லங்காவியில் எடுத்தவையும் இதே நிலைகள், இதே கடல். தீவில் நாம் எடுப்பது நம்முடைய விடுமுறையை. அங்கே சமையல் இல்லை, மாமியார் இல்லை, ஷிப்டு இல்லை. அந்த விடுதலை முகத்தில் தெரியும். சித்தியை அந்தப் படங்களில் பார்த்தால் எனக்குத் தெரிந்த சித்தியாகவே இல்லை; பல் தெரியச் சிரிக்கிறார்.

கழுவிக் காயவைத்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கடல் செம்மண் நிறத்தில் இருந்தது. வெள்ளத்தின் வேலை அல்ல அது. அந்தக் காலத்துக் கலர்ப் படக் காகிதத்தில், அலமாரி இருட்டில் கிடந்தாலும், நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றுக்கு முன்னால் மங்கிவிடும். அது போனால் மிஞ்சுவது சிவப்பு. 37 வருடத்தில் பங்கோரின் கடலும் வானமும் அப்படித்தான் கரைந்திருந்தன.

நெகட்டிவ் எங்கே என்று கேட்டேன். சித்திக்கு நினைவில்லை. இரண்டு வாரம் கழித்து மாடியில் தையல் சாமான் தேடியபோது, கோங் குவான் பிஸ்கட் டின்னில், பட்டன்களுக்கும் பாபின் நூலுக்கும் அடியில், எண்ணெய்த்தாள் உறை ஒன்று கிடைத்தது. ஆறு ஆறு படமாக வெட்டிய கீற்றுகள். தண்ணீர் தொடாதவை.

ஐந்தாவது கீற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் நான்கு கட்டத்தில் கடல், படகு, லூமுட் துறை. ஐந்தாவதில் ஒரு அடுப்பு. ஆறாவதிலும் அடுப்பு. அடுத்த கீற்று முழுக்க வீடு.

சித்தப்பாதான் விளக்கினார். "28ல திரும்பி வந்துட்டோம். இன்னும் எட்டு இருக்கு. முடிக்காம கழுவக் குடுத்தா வீண்தானே. கேமராவையும் திங்கக்கிழமை குடுக்கணும். கண்ணுல பட்டதை எடுத்துத் தள்ளினேன்."

கடையில் பிரிண்ட் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஆல்பத்தில் ஒட்டும்போது சித்தி அவற்றைத் தள்ளி வைத்துவிட்டார். அடுப்பங்கரையை யார் பார்க்கப் போகிறார்கள்? பிள்ளைகள் விளையாடித் தொலைத்தார்கள்.

சுருளை முடிப்பதற்காக எடுத்த அந்த எட்டுப் படங்களில் இருப்பது பிரிக்பீல்ட்ஸ் 'நூறு குவாட்டர்ஸ்'. ரயில்வேத் தொழிலாளர்களுக்காக 1905இல் கட்டிய வரிசை வீடுகள். ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்ததே ரயிலைச் சுற்றித்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளிகள், யாழ்ப்பாணத்துக் கிராணிமார், நிலைய அதிகாரிகள், மலையாளிகள், சிங்களவர் என்று எல்லாரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது தண்டவாளம். சரக்குப் பெட்டிகள் நின்ற இடத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. 2010 அக்டோபர் 27இல் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் வந்து லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்த வண்ணத் தெருவை எல்லாரும் படம் எடுத்தார்கள். 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமக் கட்டடத்தை இன்றும் எடுக்கலாம். நூறு குவாட்டர்ஸ் இடிக்கப்பட்டுவிட்டது. வெளியிலிருந்து எடுத்த படங்கள் செய்தித்தாள்களில் நிறைய உண்டு. உள்ளே, அடுப்பங்கரையில், ஒரு திங்கட்கிழமைக்கு முந்தின நாள் எப்படி இருந்தது என்பதற்கு என்னிடம் இந்த எட்டுதான்.

29: சித்தி முதுகு காட்டி அடுப்பில் நிற்கிறார். பங்கோரில் பட்டு கட்டியவர் இங்கே கைலி. 30: அதே, ஆனால் ஆடிப்போனது. எலக்ட்ரோ 35இல் ஷட்டர் வேகத்தை வெளிச்சம் பார்த்துக் கேமராவே முடிவு செய்துகொள்ளும். வெளிச்சம் போதாவிட்டால் மஞ்சள் விளக்கு எரிந்து எச்சரிக்கும், ஷட்டர் பல வினாடி கூடத் திறந்திருக்கும். சித்தப்பா முதல் படத்துக்குக் கேமராவைச் சாப்பாட்டு அலமாரிமேல் வைத்தார், இரண்டாவதற்குக் கையில் பிடித்தார். ஆனால் அந்தக் கலங்கலில்தான் சித்தியின் கை கிளறுவது தெரிகிறது. 31: பின்வாசல் படியில் சித்தப்பாவின் அம்மா, முறத்தில் அரிசி. தீவுக்கு அனுப்பிவைத்தவர் அவர்தான், "போயிட்டு வாங்க, நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்" என்று. 1986இல் போய்விட்டார். கல்யாணக் கூட்டத்தில் ஓரமாகத் தெரிவதை விட்டால், அவருக்கு இருக்கிற ஒரே படம் இது.

32: பின்சந்து, சைக்கிள், கொடியில் ரயில்வே காக்கிச் சட்டைகள். 33: பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர், ஒருவனுக்குச் சட்டை இல்லை. 34: நாள்காட்டி, கடிகாரம், முருகன் படம். வெள்ளத்தன்று மாடி ஏறியதும் இதே முருகன்தான். 35: குழாயடியில் விளக்கி அடுக்கிய பாத்திரங்கள். 36: தட்டில் பாதி சாப்பிட்ட சோறு, பக்கத்தில் ஷிப்டுக்குக் கட்டி வைத்த தூக்கு.

கிள்ளானில் இன்னும் நெகட்டிவ் ஸ்கேன் செய்து தரும் கடை ஒன்றில் கொடுத்தேன். நெகட்டிவில் சாயம் அவ்வளவு போகவில்லை. பங்கோரின் கடல் திரும்பவும் பச்சையும் நீலமுமாக வந்தது. அடுப்பங்கரைப் படங்களில் எனக்கு வேறொரு வியப்பு. சிவப்பு சிமெண்டுத் தரை, கரிபிடித்த சுவர், பித்தளைச் செம்பு. பிரிண்டே பிழைத்து இருந்திருந்தாலும் அவற்றில் மங்கிப்போக நீலம் என்று அதிகம் இருந்திருக்காது.

பிறகும் அவர்கள் எத்தனையோ படங்கள் எடுத்தார்கள். 1995இல் கொமுட்டர் ரயில் ஓடத் தொடங்கியபின் ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளான் துறைமுகம் வரை போய், படகேறிக் கெத்தாம் தீவு. கார் கிடையாது, சேற்றின் மேல் கால்நட்ட வீடுகள், சைக்கிள், இறால் சோறு. காசு அதிகம் இல்லாத குடும்பத்துக்கு அதைவிட நல்ல தீவு ஏது? அந்தப் படங்களும் ஆல்பம் ஆல்பமாக இருக்கின்றன. ஸ்ரீ மூடா வீட்டுச் சமையலறையை எடுத்தது, தண்ணீர் வடிந்தபின் நிவாரண விண்ணப்பத்துக்காக, சேற்றுக் கோட்டோடு.

இன்றைய இளம் தம்பதிகளின் போன்களில் பல்லாயிரம் படங்கள். கல்யாணத்துக்கு முன்பே தீவுக்குப் போய், டிரோன் பறக்கவிட்டு எடுக்கிறார்கள். அழகாகவே இருக்கின்றன, எனக்கு அதில் குறையில்லை. ஆனால் போனில் சுருள் முடிவதே இல்லை. முடிக்க வேண்டிய எட்டு என்று ஒன்று மிஞ்சாததால், கேமரா அடுப்பங்கரைக்கு வர ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. வாடகை வீடோ கொண்டோவோ, இப்போது குடியிருக்கும் வீட்டின் பின்வாசலை, துணி காயும் பால்கனியை, சாப்பிட்டு எழுந்த மேசையை எடுத்து வையுங்கள் என்று தெரிந்த பிள்ளைகளிடம் எல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ஐந்து நிமிட வேலை.

வீட்டுப் படங்களில் சித்தப்பா இல்லை என்பதும் உறுத்தியது. எடுப்பவர் படத்தில் விழுவதில்லை. 1930களில் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை கற்று, உலகம் சுற்றி, 'மலேயா முதல் கனடா வரை' எழுதிய ஏ.கே.செட்டியாருக்கே அவர் இருக்கும் படங்கள் என்று மிஞ்சியவை மிகக் கொஞ்சம். நூறு குவாட்டர்ஸில் என் சித்தப்பா வாழ்ந்ததற்கு அந்தக் கீற்றில் சாட்சி காக்கிச் சட்டைதான் என்று நினைத்தேன்.

கடைக்காரர்தான் கூப்பிட்டுக் காட்டினார். 36க்கு அப்புறம் ஒரு துண்டு இருந்தது. சுருளைச் சிக்கனமாக மாட்டினால் 37ஆவது ஒன்று கிடைக்கும், சில நேரம் பாதியாக. இதில் பாதி தெளிவு, மீதிப் பாதி பட்டையாக வெளிச்சம் தின்றது. கடை அப்போது அதைப் பிரிண்ட் போடவில்லை. தெளிவான பாதியில் வெள்ளைப் பனியனும் ஒரு கையும். கை கேமராவை நோக்கி நீண்டிருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம்.

போனில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் சித்தி கூப்பிட்டார்.

"நான் எடுத்ததுடா அது. சாப்பிட்டு எழுந்திருச்சு கை கழுவப் போனாரு. கேமரா மேசை மேலே இருந்துச்சு. தொடாதே, இரவல் சாமான்னு ஓடி வந்தாரு. அழுத்திட்டேன்."

"முகம் தெரியலையே சித்தி."

"கை தெரியுதே. அந்த மோதிரத்தை அடுத்த வருஷம் அடகு வெச்சோம், மீட்கவே இல்லை." சற்று நின்று, "4ஆர்ல ரெண்டு போட்டுடு. ஒண்ணு அவருக்குத் தெரிய வேணாம்" என்றார்.