அசையாத சுட்டியும் அருகிலிருந்த வன்தட்டும்

நாம் அறிந்த ஓர் உயர்நிலைப்பள்ளி வகுப்பறையில் நிகழ்ந்தது இது. வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு வாரங்களே இருந்தன. பயிற்சிக்கான காணொளியை ஆசிரியை திரையில் காட்ட முனைந்தபோது, கம்பியில்லாச் சுட்டி தடுமாறியது. சுட்டுக்குறி நான்கு விரல் தூரம் நகரும், நிற்கும், பின்னர் எங்கோ தாவும். மின்கலத்தை மாற்றினார், பயனில்லை. மறுநாள் புதிய சுட்டி ஒன்றையே வாங்கி வந்தார். அதுவும் அவ்வாறே தடுமாறியது. இரண்டு பாடவேளைகள் வீணாயின. நன்றாக இருந்த பழைய சுட்டி குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. பழுது இரண்டு சுட்டிகளிலும் இல்லை என்பது பின்னரே தெரிந்தது.

ஆங்கிலத்தார் இக்கருவியின் வடிவத்தைக் கண்டு எலி என்றனர். நாமோ அது செய்யும் தொழிலைக் கருதிச் சுட்டி என்றோம். அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளுக்குப் பெயர் தந்த அதே வேர்ச்சொல்! 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் அவையோர்க்கு இயக்கிக் காட்டிய சுட்டிக்கு வால்போல் ஒரு கம்பி இருந்தது. மின்சாரமும் செய்தியும் அந்த ஒரே வழியில் சென்றன. கம்பி நீங்கியதும் இவ்விரண்டும் பிரிந்தன. மின்சாரத்திற்கு மின்கலம் வந்தது. செய்திக்கு வானலையும், அதை வாங்கிக் கணினிக்குத் தரும் சிறு ஏற்பியும் வந்தன. ஆகவே சுட்டி அசையாதபோது, தடை எவ்விடத்தில் என்பதையே முதலில் கண்டறிய வேண்டும்.

சுட்டியை நகர்த்துவதற்கு முன் அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தம் கணினிக்கு எட்டுகிறது, ஆனால் சுட்டுக்குறி மட்டும் நகரவில்லை என்றால் இணைப்பில் குறையில்லை. சுட்டியின் அடியிலுள்ள ஒளியுணரி, மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் படமெடுத்து, படங்களுக்கிடையேயான மாற்றத்தைக் கொண்டே நகர்வை அளக்கிறது. கண்ணாடி மேசையில் அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ஒரு தாளை அடியில் வைத்தாலே போதும்.

பொத்தானும் செயற்படவில்லையா? அடியிலுள்ள நிலைமாற்றியையும் மின்கலத்தையும் பாருங்கள். கணினிக்கூடங்களில் இன்னொன்றும் நேர்வதுண்டு. ஒவ்வொரு சுட்டியும் தன்னோடு இணைசேர்க்கப்பட்ட ஏற்பிக்கே செவிசாய்க்கும். பாடம் முடிந்து எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டால், பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் ஏற்பிகள் இடம்மாறிவிடும். இரண்டிலும் ஒரே எண்ணை ஒட்டி வைப்பது நலம். ஏற்பியின்றிப் புளூடூத் வழி இயங்கும் சுட்டியாயின், பழைய இணைப்பை நீக்கிவிட்டு மீண்டும் இணைக்க வேண்டும்.

இனி, அந்த ஆசிரியை கண்ட தடுமாற்றத்திற்கு வருவோம். கம்பியில்லாச் சுட்டிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. தனி உரிமம் பெறாமலே பயன்படுத்தத்தக்க வரிசை அது. ஆதலால் நெரிசலும் மிகுதி. வைஃபை, புளூடூத், ஏன், சமையலறையின் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இருக்கின்றன. இவற்றைவிட அருகிலிருந்து இடையூறு செய்வது யூஎஸ்பி 3.0 இணைப்பு. நொடிக்கு 500 கோடி பிட்டுகளைக் கடத்தும் அவ்விணைப்பு, அதே அலைவரிசையில் இரைச்சலையும் கசியவிடுகிறது. இதனை இன்டெல் நிறுவனம் 2012இல் ஓர் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. ஆசிரியை காணொளியை வைத்திருந்த புறவன்தட்டு அவ்வகையைச் சேர்ந்தது. ஏற்பிக்குப் பக்கத்துத் துளையிலேயே அதைச் செருகியிருந்தார். காணொளிப் பாடத்தின்போது மட்டும் சுட்டி தடுமாறியதன் காரணம் இதுவே. போதாக்குறைக்கு, ஏற்பி கணினியின் பின்புறம் இருந்ததால் இரும்புப் பெட்டியும் குறுக்கே நின்றது.

இதைச் சோதிப்பது எளிது. சுட்டியை ஏற்பிக்கு ஒரு சாண் தொலைவில் வைத்து அசையுங்கள். அங்கே சீராக ஓடினால் சுட்டியில் பெரும்பாலும் குறையில்லை, இடைவழியில்தான் தடை. வன்தட்டைக் கழற்றியதும் தடுமாற்றம் நின்றால் ஐயமே வேண்டா. ஏற்பியை முன்புறத் துளைக்கு மாற்றலாம். அல்லது ஒரு முழ நீளமுள்ள நீட்டிப்புக் கம்பியால் மேசைமேல் கொண்டுவரலாம். ஆசிரியை செய்தது இரண்டாவதை. அக்கம்பியின் விலை புதுச் சுட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

சற்று நேரம் ஓய்ந்திருந்தபின் சுட்டி விழிக்க மறுத்தால், கணினியே மின்சிக்கனம் கருதி அத்துளையை உறங்கச் செய்திருக்கலாம். விண்டோசின் கருவி மேலாளரில், யூஎஸ்பி மையத்திற்குரிய மின்சேமிப்பு அனுமதியை நீக்க வேண்டும். சுட்டியே இல்லாமல் அங்கே எப்படிப் போவது என்று மாணவர் கேட்பர். விண்டோஸ் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தி, பின்னர் எம் விசையை அழுத்தினால் கருவி மேலாளர் திறக்கும். இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், நம்லாக் மூன்றையும் ஒருசேர அழுத்தி, தோன்றும் வினாவுக்கு இசைவு தந்தால், எண்விசைகளே சுட்டியாகிவிடும்: 4, 6, 8, 2 ஆகியவை சுட்டுக்குறியை நகர்த்தும்; 5 பொத்தானாகும்.