கறுப்பு மையின் சாயல்

கறுப்பு என்பது ஒரே நிறமெனப் பலர் எண்ணுவர். கணினி வழியே கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடுவோர் அவ்வாறு எண்ணார். கரித்துகளால் ஆன மை மெல்லியதாகப் படியுமிடத்துச் சற்றே கபில நிறம் காட்டும்; அதனுடன் நீல நிறமி சேரின் சாயல் குளிர்ந்து தோன்றும். எப்சன் அச்சுப்பொறிகளுக்குரிய 'குவாட் டோன் ரிப்' என்னும் மென்பொருள், படத்தின் ஒளிப்பகுதி, இடைப்பகுதி, நிழற்பகுதி ஒவ்வொன்றிலும் இவ்விரு சாயல்களையும் வேண்டிய அளவிற் கலக்க இடந்தருகின்றது.

இவற்றை ஒப்பிடுவது எங்ஙனம்? கணினித் திரை சான்றாகாது. திரை ஒளியை உமிழ்வது, தாளோ ஒளியைத் திருப்புவது. ஒரே படத்தை ஒரே வகைத் தாளில் இரு சாயல்களிலும் அச்சிட்டு, நன்கு உலர்ந்தபின் பகலொளியிலும் விளக்கொளியிலும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.

அழகுடன் ஆயுளும் கருதற்பாலது. வண்ண நிறமிகள் கரியைப்போல் நிலைப்பதில்லை. அவை மங்க, சாயலும் திரியும். பேரப்பிள்ளைகள் காணவேண்டிய பாட்டனார் படத்துக்குக் கரிமையே தக்கது.